பெரிய குளத்துக்குப் போன நீர்யானை

காய்கறி வண்டிக்காரரிலிருந்து மருந்துக்கடைப் பெண் வரைக்கும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். ஒருத்தரும் உறவு கிடையாது. அந்த வீட்டுச் சின்னவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கத்தியதில் ஊர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. சின்னவர் என்றதும் யாரோ பள்ளிக்கூடப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். அறுபதை நெருங்கிய ஆள், தலை முழுக்க நரை. கதவில் நுழைவதென்றால் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும், அப்படி ஒரு உடம்பு. வளர்ந்ததெல்லாம் உடம்புதான். புத்தி ஐந்து வயசிலேயே உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டது.

அவருடைய அண்ணன் பெரியவர். அண்ணிக்கு வீட்டுக்காரர். தம்பிக்கு நேர் எதிர், ஒல்லிப்பிச்சான். தபால் ஆபீசில் கடிதம் பிரித்துப்போடும் வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குக் கதை எழுத உட்கார்ந்தார். பெரிய நீர்யானை, சின்ன நீர்யானை என்று இரண்டு நீர்யானைகள். அதுகள் பல் பிடுங்கிக்கொண்டது, சைக்கிள் ஓட்டி வேலியில் விழுந்தது, நிலாவுக்குத் தொப்பி தைத்தது என்று புத்தகம் மேல் புத்தகம். சும்மா சொல்லக் கூடாது, அதில் ஒன்றாவது இல்லாத வீடு கிடையாது என்கிற அளவுக்குப் பேர் வந்தது. பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டு மேடையேற்றினார்கள். "உங்களுக்கோ பிள்ளைங்க இல்லை. பிள்ளைங்க மனசு மட்டும் எப்படி சார் இவ்வளவு கரெக்டா தெரியுது?" என்று ஒவ்வொரு பேட்டியிலும் கேட்டார்கள்.

"எனக்குள்ள ஒரு குழந்தை இருக்கு" என்பார் பெரியவர், கூச்சத்தோடு.

"உள்ள எங்க இருக்கு? குளியலறையில இல்ல இருக்கு" என்பாள் அண்ணி, பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டே.

அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே பார்த்துவிட்டாள். சாயங்காலம் டீ குடித்த கையோடு புருஷன்காரர் கையில் நாலு காகிதத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். உள்ளே தொட்டித் தண்ணீரில் சின்னவர் உட்கார்ந்திருக்கிறார். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து இவர் கதை படிக்கிறார். இதென்னடா கூத்து என்று அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். தண்ணீரில் இருக்கும்போது மட்டும்தான் சின்னவர் ஒரு இடத்தில் அசையாமல் உட்காருவார் என்பது பிறகுதான் தெரிந்தது. கதை பிடித்தால் இரண்டு கையாலும் தண்ணீரை ஓங்கி அடிப்பார். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக் குழாயைத் திறந்து மூடி விளையாடுவார். குழாய்ப் பக்கம் முகம் போனால் பெரியவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அந்த வரி போச்சு. எந்த விமர்சகனுக்கும் அவர் அப்படிப் பயந்ததில்லை. நனைந்து உப்பிய காகிதத்தோடு அவர் போனால் பதிப்பாளர் வாங்கிப் பார்த்து, "தம்பி பாஸ் பண்ணிட்டாரா? அப்போ அச்சுக்குப் போகலாம்" என்பார்.

கதை படித்தது பெரியவர், தண்ணீரை அடித்தது சின்னவர். மிச்ச வேலையெல்லாம் அண்ணி தலையில் விழுந்தது. வெந்நீர் போட வேண்டும். சூடு பார்க்க முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும். முதுகு தேய்க்க வேண்டும், சோப்பு கண்ணில் போய்விட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறுவார், அதைச் சமாளிக்க வேண்டும். கடைசியில் அக்குளில் கை கொடுத்து அந்த மலையைத் தொட்டியிலிருந்து எழுப்பி நிறுத்தித் துவட்ட வேண்டும். வெட்கமெல்லாம் முதல் மாசத்தோடு போய்விட்டது. பகலில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பாள். மெஷின் மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போன பிறகு இந்த வேலை. எத்தனை வருஷம்! ஒரு நாள் அலுத்துக்கொண்டவள் இல்லை. சின்னவர் துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அண்ணி, நான் சுத்தமா?" என்று கேட்பார். "பளிங்கு மாதிரி இருக்கே தம்பி" என்பாள். அதைக் கேட்காமல் அவர் சட்டை போட்டுக்கொள்ள மாட்டார்.

பெரியவருக்கு எழுத்தில் ஒரு விரதம் உண்டு. கதை சோகமாக முடியக் கூடாது. ஆரம்ப காலத்தில் ஒரு தடவை, சின்ன நீர்யானை கூட்டத்தில் தொலைந்துபோவதாக எழுதி, மீதி அடுத்த புத்தகத்தில் என்று நிறுத்திவிட்டார். அன்றைக்குச் சின்னவர் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். "அது எங்க? அது எங்க?" என்று ஒரே அழுகை. பெரியவர் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, சின்ன நீர்யானை வீட்டுக்கு வந்துவிட்ட கதையை எழுதாமலே சொல்லி முடித்த பிறகுதான் வெளியே வந்தார். அதற்கப்புறம் எந்தப் புத்தகத்திலும் யாரும் தொலையவில்லை, யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை.

போன மழைக்காலத்தில் சின்னவர் தொட்டியிலிருந்து எழும்போது வழுக்கினார். அண்ணி விடவில்லை, பிடித்துவிட்டாள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அண்ணிக்கு முதுகில் ஏதோ சடக்கென்றது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்தவள்தான், பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து தூக்க வேண்டியதாயிற்று.

"இனிமே ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாது" என்றார் டாக்டர். "மீறினா கால் ரெண்டும் வராது. நடந்துக்கிட்டிருக்கிற மனுஷி படுத்துக்கிட்டிருப்பீங்க, அவ்வளவுதான்."

"தூக்காம எப்படி டாக்டர்? வீட்டுல ஒரு ஆள் இருக்காரே."

"வேற யாரையாவது தூக்கச் சொல்லுங்க."

யாரைச் சொல்வது? பெரியவருக்கு நெஞ்சில் ஏற்கெனவே ஒரு கோளாறு. மாடி ஏறினாலே மூச்சு இரைக்கும். வேலைக்கு ஆள் வைத்தார்கள். முதல் ஆளைச் சின்னவர் தொட்டிக்குள் பிடித்து இழுத்துவிட்டார், விளையாட்டுக்குத்தான். சட்டை சொட்டச் சொட்டப் போனவன் திரும்பி வரவே இல்லை. அடுத்து வந்தவன் யாரும் பார்க்காதபோது அவரைக் கிள்ளியிருக்கிறான். கையில் கன்றிப்போன இடத்தைப் பார்த்து அண்ணி அவனை வாசலோடு அனுப்பினாள். அப்புறம்தான் அந்த இல்லத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊருக்கு வெளியே, இப்படிப்பட்ட பெரிய குழந்தைகளையும் வயசானவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். அண்ணி முதுகில் பட்டை கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அறைக்கு இரண்டு கட்டில், சுத்தமான தரை, முற்றத்தில் ஒரு மரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள்.

"அவன்கிட்ட நேராச் சொல்லிடுங்க" என்றாள் புருஷனிடம். "எனக்கு முடியலை, அதான் அங்க விடறோம், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவோம்னு சொல்லுங்க."

"நேராச் சொன்னா தாங்குவானா?"

"அழுவான். ரெண்டு நாள் கத்துவான். கத்தட்டுமே. நம்ம முன்னாடி கத்தினா நாம தேத்தலாம். அங்க போய்க் கத்தினா யார் தேத்துவா?"

"கதையாச் சொல்றேன்மா. அவனுக்குக் கதையாச் சொன்னாத்தான் புரியும்."

"என்னவோ செய்ங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க."

பெரியவர் எழுத உட்கார்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கதையைப் போல அவர் எதையும் எழுதியதில்லை. சின்ன நீர்யானைக்கு வீட்டுத் தொட்டி போதவில்லை. உட்கார்ந்தால் தண்ணீரெல்லாம் வெளியே வழிந்துவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய குளம் ஒன்று இருக்கிறது. அங்கே வேறு வேறு நீர்யானைகள் இருக்கின்றன. ஒன்று பாடும், ஒன்று குறட்டை விடும். குறட்டை வந்த இடத்தில் சின்னவர் அடித்த அடியில் தண்ணீர் கூரை வரைக்கும் போனது. தொட்டியில் பாதிக்குமேல் தண்ணீர் விடுவதில்லை இப்போது. பக்கத்து வீட்டு ஆள்தான் வந்து எழுப்பிவிடுவார். அண்ணி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, எட்டின வரைக்கும் முதுகு தேய்ப்பாள்.

கடைசி அத்தியாயம் படித்த அன்றைக்கு அண்ணியின் கை நின்றுவிட்டது. சின்ன நீர்யானை குளத்துக்குப் போய்ச் சேர்கிறது. பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. இது யாருக்கு என்று கேட்கிறது. அப்போது மலைமேல் யாரோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவது தெரிகிறது. வேறு யார், பெரிய நீர்யானைதான். 'நீ இல்லாம எனக்கு அங்க என்னடா வேலை?' என்று பொத்தென்று தண்ணீரில் குதிக்கிறது. முற்றும்.

சின்னவர் தண்ணீரை அடி அடியென்று அடித்தார். "அண்ணா, நாம குளத்துக்குப் போலாமா? எப்போ போலாம்?" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே அண்ணி கேட்டாள்: "என்னங்க இது? நீங்க போய் அங்க இருக்கப் போறீங்களா?"

"அது கதைம்மா."

"உங்களுக்குக் கதை. அவனுக்கு எது கதை, எது நிஜம்?"

"வேற எப்படி முடிக்கச் சொல்றே? தனியா உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்துச்சுன்னா? எழுதிப் பார்த்தேன். கை வரலை. அவன் கட்டிலுக்கடியில படுத்ததை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது."

அண்ணி அன்றைக்கே அதைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முதுகு வலி உயிர் போனது. சின்னவரோ போகிறேன், போகிறேன் என்று குதிக்கிறார். அழாமல் கிளம்பினால் போதும் என்று அவளும்தான் நினைத்தாள். பழியில் பாதி தன் மேலும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

கிளம்புகிற அன்றைக்கு எழுந்து பார்த்தால் கூடத்தில் இரண்டு பை. ஒன்றில் சின்னவரின் துணிகள், பந்து மாதிரி சுருட்டித் திணித்தவை. இன்னொன்றைத் திறந்து பார்த்தாள். பெரியவரின் சட்டைகள், மூக்குக் கண்ணாடிக் கூடு, வீட்டுச் செருப்பு, ஒரு கைப்பிடி பென்சில்.

"அண்ணாது" என்றார் சின்னவர், பெருமையாக.

அண்ணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பெரியவர் இரண்டு பையையும் எடுத்துக் காரில் வைத்தார். "நீ முன்னாடி போடா. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்" என்றார்.

"எப்போ?"

"சீக்கிரம்."

சின்னவர் காரில் ஏறி, அண்ணிக்குப் பக்கத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். வழியெல்லாம் மலை எங்கே, மலை எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பழகுகிற வரைக்கும் யாரும் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லியிருந்த வார்டன் அம்மாவே கொஞ்ச நாள் கழித்து இல்லத்திலிருந்து போன் செய்தாள். "ரெண்டு பேரும் ஒரு நடை வந்துட்டுப் போங்க. எங்களால முடியலை."

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வார்டன் அம்மா தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள். சின்னவர் அறையில் இருக்கிற இரண்டாவது கட்டிலை யாருக்கும் விடுவதில்லையாம். அந்தக் கட்டிலில் படுக்க வேண்டியவர் ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர். பாவம், மெலிந்த மனுஷன். அவர் உட்கார்ந்தால் போதும், சின்னவர் பிடித்துத் தள்ளிவிடுகிறாராம். நேற்று விழுந்ததில் டிரைவருக்கு நெற்றியில் அடி. "அண்ணா வரும், அண்ணா வரும்னு சொல்லிச் சொல்லி ராத்திரியெல்லாம் அந்தக் கட்டிலுக்குக் காவல் இருக்கார். கீழ தரையில படுக்கிறார், யாராவது ஏறிடுவாங்கன்னு. இருமல் வந்துடுச்சு. இப்படியே போனா நான் வெச்சுக்க முடியாதும்மா, சொல்லிட்டேன்."

அறையில் சின்னவர் இளைத்திருந்தார். தாடி சரியாக மழிக்கவில்லை. அண்ணனைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். இரண்டாவது கட்டிலில் பெரியவரின் சட்டை ஒவ்வொன்றும் பக்கம் பக்கமாகப் பரப்பி வைத்திருந்தது. தலையணைமேல் கண்ணாடிக் கூடு. வாசலில் டிரைவர் நெற்றியில் கட்டோடு, தன் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வேலை முடிஞ்சுதா அண்ணா? இங்க படு. நான் யாரையும் விடலை."

பெரியவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "இங்க பாரு. ஒரு நாள் பெரிய நீர்யானை மூட்டையெல்லாம் கட்டிக்கிட்டுக் கிளம்புச்சா, அப்போ வழியில ஒரு ஆறு..."

அண்ணிக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "நிறுத்துங்க!" என்றாள். அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. பெரியவர் திறந்த வாயை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவள் சின்னவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நான் சொல்றதைக் கேளு. இது கதை இல்லை. அண்ணா இங்க இருக்க வரமாட்டார். பார்க்க வருவார். ஞாயித்துக்கிழமை வருவார், போயிடுவார்."

"நீங்க?"

"நானும் அப்படித்தான்."

"நான்?"

"நீ இங்கதான்."

சின்னவர் அவள் முகத்தையே பார்த்தார். "ஏன்?"

"என் முதுகு போச்சுடா கண்ணு. உன்னைத் தொட்டியிலிருந்து தூக்க எனக்கு முடியலை."

சின்னவர் யோசித்தார். நெற்றியெல்லாம் சுருங்கியது. பிறகு சட்டென்று முகம் தெளிந்தது. "நான் குளிக்கவே மாட்டேன் அண்ணி" என்றார். "இனிமே வேணாம். தொட்டியே வேணாம். நீங்க தூக்க வேணாம். வீட்டுக்குப் போலாம்."

வார்டன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி பிடித்த கையை விடவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எழுந்து வந்துவிடுவார். "இல்லை தம்பி" என்றாள். "அப்படியும் முடியாது."

சின்னவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியே."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "கதைக்காகச் சொன்னேன்டா."

சின்னவர் அழுவார், கட்டிலுக்கடியில் போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் எழுந்தார். கட்டிலில் பரப்பியிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அவருக்கு மடிக்கத் தெரியாது. அள்ளி அண்ணன் மடியில் போட்டார். வாசலில் நின்ற டிரைவரைப் பார்த்து, "படு" என்றார். தன் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணி முதுகைத் தடவினாள். விலக்கவில்லை. பெரியவர் தோளைத் தொட்டபோது மட்டும் உடம்பைச் சுருக்கிக்கொண்டார்.

அந்தப் புத்தகம் வெளிவந்தது. முடிவை மாற்றிவிடுங்கள் என்று அண்ணி எவ்வளவோ சொன்னாள். பெரியவரும் மாற்ற உட்கார்ந்தார், முடியவில்லை. பதிப்பாளரோ கேட்கவே மாட்டேன் என்றார். "மலைமேல மூட்டையோட வர்ற அந்தப் படத்தைப் பார்த்துட்டு என் வீட்டுப் பிள்ளைங்க எழுந்து நின்னு கைதட்டுது சார்." உண்மைதான். அவர் எழுதியதிலேயே அதுதான் நன்றாகப் போனது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கூப்பிட்டார்கள். ஒரு இடத்துக்குப் போய்விட்டு வந்தவர் இனிமேல் போக மாட்டேன் என்றுவிட்டார். புதிதாக ஒன்றும் எழுதவில்லை. ஒரு நாள் சாயங்காலம் டீ குடித்துவிட்டு இரண்டு காகிதத்தோடு அடுப்படிக்கு வந்து நின்றார். "கொஞ்சம் கேக்கறியா?" என்றார்.

"எனக்கு வேலை இருக்கு" என்றாள் அண்ணி. வேலை ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பஸ்ஸில் போவார்கள். அதற்கு அடுத்த ஞாயிறே அறை வாசலில் டிரைவர் வந்து நின்றுகொண்டார். மனுஷனுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. "அண்ணி மட்டும் உள்ள வரலாமாம்" என்றார் கதவைப் பார்த்து. "நீங்க வேணாமாம் சார். அவரு சொல்லச் சொன்னாரு."

"இந்த வாரம் கோபமா இருப்பான். போகப் போகச் சரியாயிடும்" என்றார் பெரியவர். சரியாகவில்லை. ஒவ்வொரு வாரமும் அவர் முற்றத்தில் மரத்தடி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். யாரையாவது பார்க்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அவரை அடையாளம் கண்டு ஓடி வரும். "நீர்யானைத் தாத்தாவா நீங்க?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்.

அண்ணி உள்ளே போய் நகம் வெட்டிவிடுவாள். காது குடைந்துவிடுவாள். கொண்டுபோன முட்டையை உரித்துக் கையில் கொடுப்பாள். சின்னவர் தின்பார். அங்கே தொட்டி கிடையாது, நிற்க வைத்துக் குழாயால் தண்ணீர் அடித்துவிடுகிறார்கள். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. நான் சுத்தமா என்று அவர் இப்போதெல்லாம் கேட்பதில்லை. கேட்காமலே அவள் சொல்லிவிட்டு வருவாள். அண்ணனைப் பற்றி மூச்சுவிட மாட்டார். இவள் பேச்செடுத்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

அந்த ஞாயிறும் அப்படித்தான். பார்க்கிற நேரம் முடிந்து மணி அடித்ததும் எழுந்து வெளியே வந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் நனைந்துகொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். தாழ்வாரத்தில் வந்து நிற்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை மனுஷனுக்கு. ஒரே வருஷத்தில் பத்து வயசு கூடிவிட்டது போலிருந்தார்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

"என்னைப் பத்தி?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கவில்லை. "ஏதாவது சொன்னான்னு சொல்லேன்" என்றார். கண் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை.

அண்ணி நின்றாள். பொய் சொல்லாதீர்கள், பொய் சொல்லாதீர்கள் என்று இந்த மனுஷனிடம் அடித்துக்கொண்டவள் அவள்தான். அவர் பக்கத்தில் ஈரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடுப்பு விண்ணென்று வலித்தது.

"கேட்டான்" என்றாள். "அண்ணா சாப்பிட்டாரான்னு கேட்டான்."

பெரியவர் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"அப்புறம்?" என்றார்.